பால் அளவை மட்டும் பார்த்துக் காளை தேர்வதா?

ஒரு பொலிகாளையின் தகுதியைக் கேட்டால், அதன் தாய் ஓர் ஈற்றில் எத்தனை லிட்டர் கறந்தது என்பதைத்தான் நம் துறையில் முதலில் சொல்வார்கள். உறைவிந்து நிலையங்களின் காளைப் பட்டியல்கள் அந்த எண்ணையே முன்னால் வைக்கின்றன. சினை ஊசி போட வருபவர் அதைச் சொல்கிறார், மாட்டுக்காரரும் அதையே கேட்கிறார். புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் ஒன்றிரண்டு கலப்பினப் பசுக்களைக் கட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்த ஒற்றை எண் போதாது. பல சமயம் அது தவறான காளையையே சுட்டிக்காட்டுகிறது. காளைகளை ரூபாய்க் கணக்கில் வரிசைப்படுத்தும் ஒரு தேர்வுக் குறியெண் நமக்கு வேண்டும். அதில் கனமான எடை, மாடு காலத்தோடு சினைபிடித்துக் கன்று ஈனுவதற்குப் போக வேண்டும்.

பாகூர் கொம்யூனின் செலியமேட்டைப் போன்ற ஓர் ஊரின் நிலையை வைத்துக் கணக்கைப் பார்ப்போம். பாகூர் வட்டாரம் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. ஆகவே மாட்டுக்கு ஆண்டு முழுதும் கிடைப்பது வைக்கோல். பசுந்தீவனம் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் விளைகிற அளவுக்குத்தான். பிண்ணாக்கும் தவிடும் கலப்புத் தீவனமும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. பாலுக்குச் சங்கம் தரும் விலை, கொழுப்பையும், கொழுப்பல்லாத திடப்பொருளான எஸ்.என்.எஃப்.பையும் பார்த்துத் தரப்படுவது. இந்தச் சூழலில் இரண்டு பசுக்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஒன்று ஈற்றுக்கு 3,000 லிட்டர் கறந்து 13 மாதத்துக்கு ஒருமுறை கன்று போடுகிறது. மற்றது 3,400 லிட்டர் கறக்கிறது, ஆனால் கன்று ஈனும் இடைவெளி 16 மாதம். பட்டியலில் இரண்டாவதன் மகனே மேலே நிற்பான். ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்தால் முதல் பசு ஏறத்தாழ 2,770 லிட்டர், இரண்டாவது 2,550 லிட்டர்தான். ஐந்தாண்டில் ஈற்றுகளின் எண்ணிக்கையிலும் முதல் பசுவே ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக முந்தும். வறண்டு நிற்கும் நாட்களின் தீவனச் செலவு, திரும்பத் திரும்பப் போட்ட ஊசிகளின் செலவு, சினை நிற்காத மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நிலை ஆகியவற்றை இன்னும் சேர்க்கவே இல்லை. பெரிய பண்ணையில் பத்து மாடு வறண்டிருந்தாலும் தொண்ணூறு மாடு கறக்கும். இரண்டே மாடு உள்ள வீட்டில் ஒன்று வறண்டால் பாதி வருமானம் போய்விடும்.

இப்படிப் பல பண்புகளை ஒரே அளவுகோலில் கொண்டுவரும் கணிதம் புதிதல்ல. 1936-இல் ஃபேர்ஃபீல்டு ஸ்மித் பயிர்த் தேர்வுக்காக அதை வகுத்தார். 1943-இல் ஹேசல் கால்நடைக்குப் பொருத்தினார். ஒவ்வொரு பண்புக்கும், மற்றவை மாறாதிருக்க அது ஓர் அலகு கூடினால் லாபம் எத்தனை ரூபாய் கூடும் என்று கணக்கிட வேண்டும். அதைக் காளையின் இனவிருத்தி மதிப்போடு பெருக்கி எல்லாப் பண்புகளுக்குமாகக் கூட்டினால் வருவதுதான் குறியெண். முதலில் பாலை உயர்த்திவிட்டுப் பிறகு கொழுப்பைப் பார்ப்போம் என்ற வரிசை முறையைவிடவும், ஒவ்வொரு பண்புக்கும் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் வைத்துத் தேறாததைக் கழிக்கும் முறையைவிடவும் இது அதிகப் பலன் தரும் என்பது அப்போதே நிறுவப்பட்டது. பால் அளவு கூடக் கூடக் கொழுப்புச் சதவீதம் மரபுவழியாகவே இறங்கப் பார்க்கும். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும் இத்தகைய பண்புகளில்தான் குறியெண்ணின் அருமை தெரியும். இறைச்சிக்காக மாடு வளர்க்கும் ஆஸ்திரேலியாவில் ஒரே ஆங்கஸ் இனத்துக்கு, எந்தச் சந்தைக்கு எந்தத் தீவனத்தில் வளர்ப்பது என்பதைப் பொறுத்து வெவ்வேறு டாலர் குறியெண்கள் வெளியிடுகிறார்கள். ஒரு குறியெண்ணில் மேலே நிற்கும் காளை இன்னொன்றில் கீழே இறங்கிவிடும். காளை அதேதான், மாறுவது வாங்குபவரின் பிழைப்பு.

பாலை மட்டும் துரத்தினால் என்னவாகும் என்பதற்கு உலகம் ஏற்கெனவே விலை கொடுத்துப் பாடம் கற்றிருக்கிறது. அமெரிக்க ஹோல்ஸ்டீன் பசுக்களின் பால் 1960-களிலிருந்து ஏறிக்கொண்டே போக, மகள் பசுக்கள் சினைபிடிக்கும் விகிதம் நாற்பதாண்டு காலம் சரிந்துகொண்டே வந்தது. 1994-இல் வந்த நெட் மெரிட் குறியெண்ணில் மாட்டின் உற்பத்தி ஆயுளும் மடிநலமும் இடம்பெற்றன. கருவுறும் திறன் 2003-இல்தான் சேர்ந்தது. அதன் பிறகே சரிவு நின்று திரும்பியது. அயர்லாந்து 2001-இல் தன் பழைய உற்பத்திக் குறியெண்ணைக் கைவிட்டுப் பொருளாதார இனவிருத்திக் குறியெண்ணுக்கு மாறி, கருவுறும் திறனுக்குப் பெரும் எடை கொடுத்தது. அங்கும் மரபுப்போக்கு மேல்நோக்கித் திரும்பியது. நார்வேக்காரர்கள் 1970-களிலேயே மடிநோயையும் கருவுறுதலையும் கணக்கில் சேர்த்துவிட்டதால் அவர்களுடைய சிவப்பு இனம் அந்தப் பள்ளத்தில் விழவே இல்லை.

துறையினர் எழுப்பும் முதல் ஆட்சேபம் தெரிந்ததுதான். மாடுகளுக்கிடையே காணும் வேறுபாட்டில் மரபினால் வரும் பங்கு பால் அளவில் கால்வாசி இருக்கும், கருவுறும் திறனில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது, அப்படியிருக்க அதைத் தேர்ந்து என்ன கிடைக்கும் என்பார்கள். பாடப்புத்தகத்தில் பாதியை மட்டும் படித்த வாதம் இது. மரபுப் பங்கு சிறிதாக இருப்பதற்குக் காரணம் தீவனம், வெயில், பருவம் கவனிக்கத் தவறுதல், ஊசியின் நேரம் ஆகியவற்றின் இரைச்சல் பெரிது என்பது. காளைக்குக் காளை மரபு வேறுபாடு இல்லை என்பதல்ல. இரைச்சலை அடக்க வழி, நிறைய மகள்களை எண்ணுவது. பால் அளவின் மரபுப் பங்கு 0.25 என்று கொண்டால், தாயின் ஒரே ஈற்றுப் பதிவை வைத்து மகன் காளையின் மதிப்பைக் கணிக்கும் துல்லியம் 0.25தான். இன்று பட்டியலில் நாம் நம்பிக்கொண்டிருக்கும் எண்ணின் தரம் இவ்வளவே. கருவுறும் திறனின் மரபுப் பங்கை 0.04 என்று கொண்டாலும், 100 மகள்களின் பதிவு கையில் இருந்தால் துல்லியம் 0.71-ஐத் தொடும், 300 மகள்கள் இருந்தால் 0.87. ஆக, தேர முடியாத பண்பு என்று நாம் ஒதுக்கியதை, நாம் தேர்ந்துகொண்டிருப்பதாக எண்ணும் பண்பைவிட ஏறத்தாழ மும்மடங்குத் துல்லியத்தோடு தேரலாம். குறையாக இருப்பது பதிவு மட்டும்தான்.

பதிவு எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இங்கே ஒரு வசதி நம் கண்ணில் படாமல் கிடக்கிறது. பால் அளவை முறையாகப் பதிய மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்க் காலை மாலை கறவையை அளந்து மாதிரி எடுக்க வேண்டும், ஆள்செலவு பிடிக்கும். கருவுறும் திறனுக்கோ தேதிகள் போதும்: ஊசி போட்ட தேதி, சினைப் பரிசோதனையின் முடிவு, கன்று ஈன்ற தேதி. காதுவில்லையின் 12 இலக்க எண்ணோடு இவற்றைப் பதிவது ஏற்கெனவே ஊசி போடுபவரின் கடமை. அதற்கான தேசியத் தரவுத்தளமும் இயங்குகிறது. நம் குறியெண்ணில் அதிக எடை பெற வேண்டிய பண்பே மிகக் குறைந்த செலவில் பதியக்கூடிய பண்பாகவும் இருப்பது சாதாரண வாய்ப்பல்ல. ஊசிக்கு எண்ணிக்கை இலக்கு உண்டு என்பதால் ஊசித் தேதியைப் பதிவதில் அக்கறை இருக்கும். ஈன்ற தேதிக்கு அப்படி ஓர் இலக்கு வைக்காதவரை அதைப் பதியச் சொல்லி யாரைக் கடிந்துகொள்வது? ஊக்கத்தொகையில் ஒரு பகுதியை ஈன்ற தேதியோடு பிணைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். கறவையில் ஒரே மாடு நிற்கும் வீடுகளில் பால் பதிவுக்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த உறுப்பினர் பெயரில் சங்கத்தில் அன்றாடம் பதியும் லிட்டரும் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் நடைமுறையில் அந்த மாட்டின் பதிவே. வீட்டுக்கு எடுத்த பாலும் கன்று குடித்த பாலும் அதில் விடுபடும். ஆனால் எல்லாக் காளைகளின் மகள்களுக்கும் அது பொதுவான பிழை என்பதால் வரிசை பெரிதாகக் குலையாது. ஒன்றிரண்டு மாடு உள்ள வீடுகளை வைத்துச் சந்ததிச் சோதனை நடத்த முடியாது என்பாருக்குக் கேரளம் பதில். 1963-இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தின் வழியே உருவான சுனந்தினி இனத்துக் காளைகளை அத்தகைய வீடுகளின் மகள் பசுக்களைக் கொண்டுதான் அங்கே சோதித்து வருகிறார்கள்.

புதுச்சேரிக்கே உரிய இடைஞ்சல் எல்லை. பாகூர் கொம்யூனைக் கடலூர் மாவட்டமும் வில்லியனூரை விழுப்புரம் மாவட்டமும் ஒட்டியும் ஊடுருவியும் கிடக்கின்றன. சந்தையில் மாடு எல்லை தாண்டுகிறது. அதன் வரலாறு தாண்டுவதில்லை. அதோடு நம் மாட்டுத்தொகை சிறியது. ஒரு காளைக்கு 100 மகள்கள் என்று பல காளைகளைச் சோதிக்கப் புதுச்சேரியின் பசுக்கள் மட்டும் போதா. ஆகவே தனிக் குறியெண் வேண்டும் என்பதைத் தனிக் காளைத் திட்டம் வேண்டும் என்று படித்துவிடக் கூடாது. இனவிருத்தி மதிப்புகளைத் தமிழ்நாட்டோடு சேர்ந்து கணிக்கலாம். தேசியப் பால்வளத் திட்டத்தின் முதற்கட்டத்தில் அங்கே ஜெர்சிக் கலப்பினக் காளைகளுக்குச் சந்ததிச் சோதனை நடந்த அடித்தளம் உண்டு. அந்த மதிப்புகளை எந்த எடையோடு கூட்டுவது என்பது மட்டும் நம் விலையையும் தீவனத்தையும் வைத்து நாமே முடிவு செய்ய வேண்டியது. குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்க, பாலுக்கு விலை தரும் பாண்லே இருக்க, அதற்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் குறியெண் தயாராக இருக்கிறதே, நெட் மெரிட்டில் முதல் இடங்களில் உள்ள காளைகளின் விந்துக் குச்சியை வாங்கிப் போட்டால் போயிற்று என்ற யோசனையும் அவ்வப்போது வரும். அந்த எடைகள் அமெரிக்கத் தீவன விலைக்கும் அங்குள்ள பால்விலைக்கும் கழிவு மாட்டுச் சந்தைக்கும் கட்டப்பட்டவை. புதுச்சேரியில் 1968-ஆம் ஆண்டின் பசுவதைத் தடுப்புச் சட்டம் நடப்பில் இருப்பதால் கழிவுப் பசுவின் மதிப்பை அங்குள்ளதுபோல் இங்கே கணக்கிட முடியாது. பெரிய உடல்கட்டு அமெரிக்காவிலேயே எதிர்மறை எடை பெறுகிறது. அங்கே கழிவு மாட்டின் விலை பெரிய உடலுக்கான தீவனச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. வைக்கோலை நம்பிய நம் கொட்டிலில் அந்த ஆறுதலும் இல்லை. குளிர்நாட்டில் மகள்களை வைத்துக் கணித்த வரிசை, ஐப்பசி ஈரத்திலும் சித்திரை வெயிலிலும் அப்படியே நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. கலப்பின அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் குறியெண் தீர்க்காது. அது முன்னதாகவே கொள்கையாக முடிவாக வேண்டியது. பாலினம் பிரித்த விந்து வந்துவிட்டதால் காளைக் கன்று தொல்லை தீரும் என்பது சரிதான். ஆனால் பிறப்பதில் பெரும்பாலும் கிடேரி என்றானபின் தவறான காளையின் தவறும் ஏறத்தாழ இரு மடங்காக மந்தையில் தங்கும். 2024-இல் நாட்டில் வெளியான மரபணுச் சில்லைப் பற்றியும் இதே எச்சரிக்கை: சில்லு படிப்பது மரபணுவை, அந்த மரபணுவைக் கொண்ட மாடு எத்தனை மாதத்தில் சினைபிடித்தது என்பதை யாராவது எழுதிவைத்திருந்தால்தான் அது பேசும்.

முதலில் தீவனத்தையும் பராமரிப்பையும் சரிசெய்யுங்கள், மரபு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் பாதி சரி. தாது உப்பு கொடுத்துச் சினைப்பருவத்தைக் கவனித்தால் அடுத்த ஆண்டே இடைவெளி குறையும். காளைத் தேர்வின் பலன் தெரிய ஏழெட்டு ஆண்டாகும். ஆனால் தீவனத்துக்கு அன்றாடம் பணம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல காளையின் குச்சிக்கும் சுமாரான காளையின் குச்சிக்கும் மாட்டுக்காரர் கொடுப்பது ஒரே கட்டணம். பலனோ மகளோடு பேத்திக்கும் போகிறது. எப்படியும் ஒரு குச்சி உள்ளே போகத்தான் போகிறது. சந்தையில் மாட்டுக்கு விலை லிட்டரை வைத்துத்தானே பேசுகிறார்கள் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஈன்றவுடன் விற்பவருக்கு லிட்டர்தான் லாபம். சினை நிற்காத தொல்லை வாங்குபவருடையது. ஆனால் அந்த வாங்குபவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர். ஒருவர் தலையில் மற்றவர் கட்டிக்கொண்டிருக்கும் நஷ்டத்தை வட்டாரத்தின் வருமானம் என்று கணக்கெழுத முடியாது. பொதுப்பணத்தில் வாங்கும் விந்துக் குச்சியைத் தேர்பவர் கருத வேண்டியது வட்டாரத்தின் கணக்கை.

எடைகள் ஒருமுறை போட்டு மூடிவைப்பவை அல்ல. அமெரிக்கர்கள் நெட் மெரிட்டை 2018, 2021, 2025 என்று திருத்திக்கொண்டே வருகிறார்கள். பிண்ணாக்கு விலை ஏறினாலும், சங்கம் எஸ்.என்.எஃப்.புக்கான விகிதத்தை மாற்றினாலும் நம் எடைகளும் நகர வேண்டும். முதல் வரைவுக்கு ஆண்டு பால் அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப்., கன்று ஈனும் இடைவெளி, உடல்கட்டு ஆகிய ஐந்தும் போதும். மடிநலத்தைப் பதிவு கிடைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை, காளைப் பட்டியல் வாங்கும் அலுவலர்கள் தாயின் லிட்டருக்குப் பக்கத்திலேயே அத்தாய் முதல் மூன்று கன்றுகளை எந்த எந்தத் தேதியில் ஈன்றது என்று எழுதித் தரும்படி விந்து நிலையங்களைக் கேட்கலாம். கேட்பதற்குப் புதிய திட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.