வாளை விட்டுப் பெயரை வாங்குவோர்

பழைய ஜப்பானிய வாளொன்றை விலை பேச வருவோர் முதலில் என்ன செய்கின்றனர் என்பதைக் கூர்ந்து நோக்குக. அவர்கள் அலகைப் பார்ப்பதில்லை, வளைவைப் பார்ப்பதில்லை. பிடியின் குறுக்கே செருகியிருக்கும் மூங்கில் ஆணியைத் தட்டியெடுத்துப் பிடியைக் கழற்றி, உள்ளே மறைந்து கிடக்கும் காம்பில் பெயர் வெட்டப்பட்டிருக்கிறதா என்று தேடுகின்றனர். பெயர் இருந்தால் முகம் மலர்கிறது, நூலைப் புரட்டுகின்றனர், விலை ஏறுகிறது. பெயர் இல்லையேல் முகம் சுளித்து வாளை உறையிலிட்டு விடுகின்றனர். வாள் சேகரிப்பு என்று உலகெங்கும் நடைபெறும் இவ்வணிகத்தில் பெரும்பகுதி வாளைச் சேகரிப்பதன்று. பெயரைச் சேகரிப்பதே ஆகும். இது வெறும் அறியாமை மட்டுமன்று, அழிவு வேலையும் ஆகும் என்பதே என் வழக்கு.

காம்பில் கொல்லன் பொறிக்கும் பெயரை ஜப்பானியர் 'மெய்' என்பர். பிறர் பொய்யாகப் பொறித்த பெயரைக் 'கிமெய்' என்பர். ஒலி ஒப்புமை தற்செயலானதே. நம் சொல்லாராய்ச்சியாளர் யாரும் இதைப் பிடித்துக்கொண்டு உறவு கொண்டாட வேண்டா. ஆயினும், புகழ்பெற்ற கொல்லர்களைப் பொறுத்தவரை, 'மெய்' எனப்படுவனவற்றுள் பொய்யே மலிந்து கிடக்கிறது என்பதை எண்ணும்போது நமக்குச் சிரிப்பு வராமல் இல்லை.

இப்பொய் நேற்று முளைத்ததன்று. எடோ காலத்தில் சிற்றரசர் ஒருவர்க்கு மற்றொருவர் வழங்கும் சிறப்புப் பரிசிலாக வாள் விளங்கிற்று. பரிசில் என்றால் அதற்கு மதிப்பு வேண்டும்; மதிப்பு என்றால் பெயர் வேண்டும். ஆட்சியாளர்க்கு வாள் தீட்டியும் வாளை மதிப்பிட்டும் வந்த ஹொன்அமி குடும்பத்தார், இது இன்ன கொல்லனின் வேலை, இத்தனை பொற்காசு பெறும் என்று தாளில் எழுதிக் கொடுத்தனர். அத்தாளுக்கு 'ஒரிகாமி' என்று பெயர். தேவை பெருகியது, பெருங்கொல்லர் செய்த வாள்களோ பெருகவில்லை. பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமோ? பதினேழாம் நூற்றாண்டில் எடோவில் வாழ்ந்த நகசொனே கொத்தெட்சு என்பார் முதலில் கவசம் செய்தவர். பின்னர் வாள் கொல்லரானவர். அவர் பெயர் தாங்கிய வாளைக் கண்டால் முதலில் பொய்யென்றே கொள்க என்று ஜப்பானியர் சொல்லும் அளவுக்குப் போலிகள் பெருகின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'கஜிஹெய்' எனப்பட்ட ஹொசோடா நவோமித்சு தாமே தேர்ந்த கொல்லராயிருந்தும், பிறர் பெயரைப் பொறித்துப் பொருளீட்டினார். திறமை இல்லாதவன்தான் போலி செய்வான் என்று எண்ணுவோர் இவர் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. மிகச் சிறந்த பழைய வாள்களுள் பலவற்றில் பெயரே இல்லை! கமகுரா காலத்து நீண்ட வாள்களைப் பிற்காலத்தார் தம் வழக்கத்துக்கு ஏற்பக் குறுக்கினர். முனைப்புறத்தை வெட்டினால் அங்குள்ள பதன் கெட்டுவிடும்; எனவே அடிப்புறத்தையே வெட்டினர். காம்போடு பெயரும் போயிற்று. இவை ஒருபுறமிருக்க, கொல்லர்களுள் முதல்வராகப் போற்றப்படும் மசமுனேயின் வேலைப்பாடுகளில் அவர் பெயர் பொறித்தவை மிகச் சிலவே. பெயரைத் தேடுவோர் கணக்குப்படி இவையெல்லாம் தள்ளுபடிப் பொருள்கள். பெரும்பெயர் வெட்டிய மட்டமான இரும்போ மாணிக்கம். இதைவிடத் தலைகீழான மதிப்பீடு வேறு உண்டோ?

அப்படியானால் எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். வாளையே பார்ப்பது. முதலில் வடிவம். குதிரைமேல் அமர்ந்து வீசுவதற்கென்று செய்யப்பட்ட பழைய தாச்சி வாள், கூர்ப்புறம் கீழ்நோக்கியிருக்க இடையில் தொங்கவிடப்பட்டது. அதன் வளைவு பிடியை அடுத்தே ஆழ்ந்திருக்கும். பதினான்காம் நூற்றாண்டில் அலகு நீண்டு அகன்றது. காலாட்படை பெருகிய பின்னர், கூர்ப்புறம் மேல்நோக்கக் கச்சையில் செருகும் கத்தானா வந்தது. 1661 முதல் 1673 வரையிலான கன்புன் ஆண்டுகளின் வாள்களோ வளைவு குறைந்து ஏறத்தாழ நேராக நிற்கும். வடிவம் காலத்தைச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது எஃகு. ஆற்றிலும் மலையிலும் எடுத்த இரும்பு மணலை மரக்கரியோடு 'தத்தாரா' என்னும் களிமண் உலையிலிட்டு, இரவுபகலாக ஊதி எடுக்கும் எஃகு அது. அதைத் தட்டி மடித்து, மீண்டும் தட்டி மடித்துச் செல்வதால், தீட்டிய அலகில் மரப்பலகையின் ரேகை போன்ற வரிகள் தோன்றும். யமாத்தோ நாட்டு வாளில் அவ்வரி நேராக ஓடும். பிசென் நாட்டு வாளில் அறுத்த பலகையின் சுழிகளைப் போல அலையும். பின்னர் விளிம்பு. கூர்ப்புறத்தில் மெல்லியதாகவும் முதுகுப்புறத்தில் தடிப்பாகவும் களிமண் பூசிக் காய்ச்சி நீரில் தோய்ப்பதால், விளிம்பு மட்டும் கடினப்பட்டு, அதன் எல்லையில் வெண்மையான கோடொன்று அமைகிறது. அதுவே 'ஹாமோன்'. சிலர் கையில் அது நேர்கோடு. சிலர் கையில் அலை. பிசென் கொல்லர் கையில் கிராம்பு மொட்டுகளை நெருக்கமாக அடுக்கியது போன்ற தோற்றம். அக்கோட்டினுள் மணல்மணி போல் மின்னும் துகள்களை 'நியே' என்றும், தனித்துகள் தெரியாமல் பனிப்படலம் போல் படர்வதை 'நியோய்' என்றும் பிரிப்பர். இவ்வளவும் பார்த்த பின்னரே காம்பு, அங்கும் முதலில் துருவின் நிறம், அரத்தின் கீறல்கள், ஆணித்துளையின் வாய், இறுதியில்தான் பெயர்.

ஜப்பானில் வாள் பயில்வோர் கூடும் மதிப்பீட்டுக் கூட்டங்களை நம் ஆசிரியர்கள் அறிந்துகொள்வது நல்லது. அங்கு வாளின் காம்பைத் துணியாலோ மரப்பிடியாலோ மறைத்து வைத்து விடுகின்றனர். பயில்வோர் ஒருவர்பின் ஒருவராக அலகை ஒளியில் ஏந்திப் பார்த்து, செய்தவன் யாவன் எனத் தாளில் எழுதித் தருவர். நடுவர் விடையைத் திருத்தித் தருவார். கொல்லனின் பெயரையே எழுதினால் 'அத்தாரி', அதாவது சரி. அவன் ஆசானையோ மாணவனையோ எழுதினால் 'தோசென்'. சரிக்கு நிகர் என்று ஏற்பர். இரண்டு வாள்களும் அத்துணை நெருங்கிய ஒப்புமை உடையன. அதைக் கண்டவன் கண் பழுதில்லாத கண் என்பது கருத்து. இல்லையேல் 'இயா', தவறு; மீண்டும் பார்த்து எழுதலாம். பெயரை மறைத்துவிட்டுப் பொருளைப் படிக்கச் செய்யும் இம்முறையைக் கண்ட பிறகும், காம்பை முதலில் கழற்றும் சேகரிப்பாளரை நான் எவ்வாறு மன்னிப்பேன்? தேர்ச்சி அறிக்கையைப் படித்துவிட்டு மாணவனின் முகத்தைப் பார்க்கும் ஆசிரியர்கள் நம்முள்ளும் உண்டு. அவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்க.

பெயர் மயக்கம் வாங்குவோரின் பணப்பையை மட்டும் வருத்துமாயின் நான் எழுதுகோலை எடுத்திருக்க மாட்டேன். அது வாளையே கெடுக்கிறது. பெயர் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகக் காம்பின் துருவைச் சுரண்டுகின்றனர். அத்துரு அழுக்கன்று, நூற்றாண்டுகள் எழுதிய கையெழுத்து. பழைய காம்பின் கருநிறத் துருவை எந்தப் பட்டறையிலும் திரும்ப உண்டாக்க முடியாது. பழம்பொருள் கடையொன்றில் வணிகர் ஒருவர் உப்புத்தாள் கொண்டு காம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பெருமையோடு என்னிடம் நீட்டியதைக் கண்டேன். வாளின் அகவைச் சான்றை அழித்ததற்கு அவர் கூலி வேறு கேட்டார்! அலகைச் சாணை பிடிப்போர் கொடுமை இதனினும் பெரிது. முறையாகப் பயின்ற தீட்டுநர், முரட்டுக் கல்லில் தொடங்கிப் படிப்படியாக மென்கல்லுக்கு வந்து, இறுதியில் நகம்போன்ற மெல்லிய கற்சில்லைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார். அப்படிச் செய்தும் ஒவ்வொரு முறையும் எஃகு குறைகிறது. குறைந்துகொண்டே போனால் மேல்தோல் தேய்ந்து உள்ளிருக்கும் மென்னிரும்பு வெளிப்பட்டுவிடும். இயந்திரச் சாணைக்காரனோ ஒரு பிற்பகலில் இதைச் செய்து முடித்துவிடுகிறான்.

அணிகலன்களுக்கு நேர்ந்தது இன்னொரு கதை. கைக்காப்புத் தட்டாகிய 'ட்சுபா', பிடியில் பதிக்கும் சிற்றுருவங்கள், உறையோரம் செருகும் சிறுகத்தியின் பிடி ஆகியவை தனிக் கலையாகவே வளர்ந்தன. பதினைந்தாம் நூற்றாண்டில் கோத்தோ யூஜோ தொடங்கிவைத்த மரபு, தலைமுறை தலைமுறையாக ஆட்சியாளர்க்கு இவற்றைச் செய்தளித்தது. செம்பில் சிறிதளவு பொன் கலந்து, மருந்துநீரில் காய்ச்சிக் கருநீல நிறமேற்றும் 'ஷக்குதோ' என்னும் உலோகத்தில், மீன்முட்டைகளைப் பரப்பியது போன்ற புள்ளிகளை ஒவ்வொன்றாக அடித்து நிரப்புவர். 1876-இல் மெய்ஜி அரசு பொதுவிடங்களில் வாளணிவதைத் தடைசெய்தது. கைவினைஞர் வாழ்விழந்தனர், வாள்களிலிருந்து கழற்றப்பட்ட ட்சுபாக்கள் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. அங்கே அவை கண்ணாடிப் பேழைகளில் வண்ணத்துப்பூச்சிகளைப் போல வரிசையாகக் குத்தி வைக்கப்பட்டன. எந்த வாளுக்கு எந்தத் தட்டு, எந்தத் தட்டுக்கு எந்தப் பிடி என்னும் உறவு அறுந்தே போயிற்று. இன்றும், முழுமையான வாளொன்று கிடைத்தால் அலகு வேறு, தட்டு வேறு, உறை வேறாகப் பிரித்து விற்றால் இலாபம் மிகுதி என்று கணக்கிடும் வணிகர் உள்ளனர். அவர்களைச் சேகரிப்பாளர் என்பதைவிடக் கசாப்புக்காரர் என்பது பொருந்தும்.

நம் மண்ணில் இப்பெயர் மயக்கம் வேறொரு வடிவம் கொள்கிறது. இங்குக் கொல்லன் பெயரை யாரும் கேட்பதில்லை. 'சாமுராய்' என்ற ஒரு பெயரே போதுமாயிருக்கிறது. ஜப்பான் காலத்து வாள் எதுவாயினும் சாமுராய் வாள் என்று சொல்லி விற்கின்றனர். அதை வாங்கி வரவேற்பறையில் மாட்டுகின்றனர். 1942 முதல் 1945 வரை நம் பாட்டனார் தலைமுறை கண்ட வாள் எது? 1934-இலும் 1938-இலும் வகுக்கப்பட்ட அதிகாரி வாள்களும், 1935-இல் வகுக்கப்பட்ட கீழ்நிலைத் தலைவர் வாள்களுமே மிகுதி. கீழ்நிலைத் தலைவர் வாள் ஆலையில் செய்தது. அலகிலேயே வரிசை எண் பொறித்திருக்கும். அதன் பிடி பெரும்பாலும் உலோகத்தில் வார்த்து, கயிறு சுற்றியது போல் வண்ணம் தீட்டியது. அதிகாரி வாள்களிலும் பல, மடித்துத் தட்டாத எஃகை எண்ணெயில் தோய்த்துச் செய்தவை. மரபுமுறையில் செய்யாத இத்தகைய வாள்களை ஜப்பானியச் சட்டம் கலைப்பொருளாகப் பதிவு செய்வதே இல்லை. ஜப்பானே கலையென்று ஏற்காத ஒன்றை நாம் ஏன் கலையென்று கொண்டாட வேண்டும்?

'அவை கொலைக்கருவிகள், அவற்றைப் பற்றிப் பேச்சே வேண்டா, உருக்கிவிடுக' என்பாரும் உளர். அவர்தம் சினத்தை நான் இகழேன். தோட்டப்புறங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத தமிழர் பல்லாயிரவர். எனினும் உருக்குவதும் பொய்ப்பெயரிட்டு மாட்டுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டுமே அப்பொருளைப் படிக்க மறுக்கின்றன. எண் பொறித்த வாளை எண் பொறித்த வாளென்றே எழுதி, இது 1935-ஆம் ஆண்டு வகை, இன்ன போருக்கு வந்தது என்று அடியில் குறித்து அருங்காட்சியகத்தில் வைத்தால், அது நம் இறந்தோர்க்குச் சான்று பகரும். அதையே சாமுராய் வீரத்தின் சின்னமென்று விற்றால், அவ்விறந்தோரை இரண்டாம் முறை மறைத்தவர்கள் ஆவோம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதிகாரிகள் சிலர் தம் குடும்பத்துப் பழைய அலகையே படைத்துறைப் பிடியில் பொருத்திக் கொண்டு வந்தனர். தோலுறை போர்த்த படைவாளுக்குள் பல நூற்றாண்டுப் பழமையான அலகு இருக்கவும் கூடும். புறத்தோற்றத்தைக் கண்டு புகழ்வதும் பயனில்லை, இகழ்வதும் பயனில்லை. உருவிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

'இத்தனை தொல்லை எதற்கு? சான்றிதழ் இருக்கிறதே!' என்று சிலர் கூறுவர். 1948-இல் நிறுவப்பெற்ற ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் வாள்களை ஆய்ந்து தரப்படி சான்றளிக்கிறது, நற்பணியே. ஆயினும் சான்றிதழ் என்பது தேர்ந்த கண்கள் சிலவற்றின் கருத்து, அது வாளாகிவிடாது. சான்றிதழ்களிலும் போலிகள் புகுந்தன. 1982-இல் அச்சங்கம் தன் சான்று முறையையே மாற்றியமைத்தது. பொய்ப்பெயர் பொறித்த வாளுக்குச் சங்கம் சான்று தருவதில்லை என்பதால், உரிமையாளர் சிலர் அப்பெயரை அராவி எடுத்துவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கின்றனர். முன்னொருவன் பெயருக்காகக் காம்பைக் கெடுத்தான். பின்னொருவன் தாளுக்காக அதையே மறுபடியும் கெடுக்கிறான். வாள் யாது பிழை செய்தது?

ஹொன்ஜோ மசமுனே என்னும் வாள் தொக்குகவா ஆட்சியாளரின் குலச்செல்வமாக வழிவழி வந்தது. 1939-இல் நாட்டின் அருஞ்செல்வமாக அறிவிக்கப்பெற்றது. போர் முடிந்தபின் வாள்களை ஒப்படைக்க வேண்டும் என்ற ஆணைக்கிணங்க, 1945 டிசம்பரில் அக்குடும்பத்தார் அதைத் தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் கொடுத்தனர். அடுத்த மாதம் அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. அதன்பின் அதைக் கண்டார் இலர். அதுவும் குறுக்கப்பட்ட வாளே. காம்பில் பெயர் கிடையாது. இன்று அது எங்கேனும் ஒரு பரணில், படைவாள்களின் நடுவே, துருவேறிக் கிடக்குமாயின், பிடியைக் கழற்றிப் பெயரைத் தேடுகிறவர் அதைப் பெயரில்லாத பழைய இரும்பென்று எடைபோட்டு விற்றுவிடுவார்.