கடினம் என்று யாரைச் சொல்கிறோம்?

‘கோவேறு கழுதைகள்’ படிக்க முடியவில்லை, மொழி கடினம் என்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். ‘விஷ்ணுபுரம்’ படிக்க முடிந்ததா?

முடித்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். முடிக்காதவர்கள், “இன்னொரு தடவை முயற்சி பண்ணணும்” என்பார்கள். நானும் மூன்றாவது முயற்சியில்தான் முடித்தேன். தத்துவ விவாதங்களில் வரும் சொற்களை நோட்டில் குறித்துக்கொண்டு படித்தேன். அந்த உழைப்புக்குப் பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே வாசகர் இமையத்திடமோ கண்மணி குணசேகரனிடமோ வந்தால், இருபதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் குறையை எழுத்தாளர் தலையில் கட்டிவிடுகிறார். சம்ஸ்கிருதச் சொல் புரியாவிட்டால் நமக்கு அறிவு போதவில்லை. கூலிக்காரியின் சொல் புரியாவிட்டால் அவருக்கு எழுதத் தெரியவில்லை. இது என்ன நியாயம்?

நானும் யோக்கியன் இல்லை. சொந்த ஊர் விழுப்புரம். திண்டிவனம் பக்கம் இன்ஜினியரிங் படித்தபோது, 1999இல் வந்த ‘அஞ்சலை’யை நாற்பது பக்கத்தோடு வைத்துவிட்டேன். “ஸ்லாங் ரொம்ப ஹெவிடா” என்று அறை நண்பனிடம் சொன்னேன். சுத்தப் பொய். எனக்குப் புரியாத சொல் அதில் பத்துகூட இருக்காது. அது என் ஆயா பேசுகிற பேச்சு. ஹாஸ்டலில் முதல் வாரமே “வூட்டுக்குப் போறேன்” என்று சொல்லிச் சிரிப்பு வாங்கியவன் நான். கஷ்டப்பட்டு ‘வீடு’ பழகிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பேச்சிலேயே ஒரு நாவலா? வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று சொல்ல முடியாமல் கடினம் என்றேன்.

வேலைக்குப் போய்ச் சில வருடம் கழித்து, ஒரு லீவில் ஊரில் வைத்து இரண்டே நாளில் அதைப் படித்து முடித்தேன்.

வட்டார வழக்கில் எழுதியதாலேயே ஒரு நாவல் நல்லதாகிவிடாது. போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களைப் பற்றிய ‘நெடுஞ்சாலை’யில், பணிமனை விவரங்கள் சில இடங்களில் கதையை அமுக்கிவிடுகின்றன என்பது என் எண்ணம். இல்லை என்பவர்கள் வாங்க, சண்டை போடலாம். ஆனால் படித்துவிட்டு வாங்க.

கி.ரா.வின் கரிசல் பேச்சு நம்மில் யாருக்கும் பிறவியிலேயே தெரிந்ததல்ல. படித்துப் படித்துப் பழகினோம். நடுநாட்டுப் பேச்சுக்குக் கண்மணி குணசேகரன் சொல்லகராதியே தொகுத்துக் கொடுத்திருக்கிறார். என் துறையில், ப்ராஜெக்ட் மாறினால் புது ப்ரோக்ராமிங் லாங்குவேஜை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்கிறோம்; மேனேஜரிடம் கடினம் என்று சொல்வதில்லை. பக்கத்து மாவட்டத்துச் சொல் ஐம்பதுக்கு மட்டும் பொறுமை கிடையாது.

இனி யாராவது அப்படிச் சொன்னால், எந்தச் சொல் புரியவில்லை என்று கேட்கப்போகிறேன். எனக்கும் தெரியாவிட்டால் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன்.