மண்ணைக் கிளறித் தின்கிற கோழி

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் ஊர் திரும்பும்போது நாட்டுக்கோழி கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஊசி போடாதது, பண்ணைத் தீவனம் காணாதது, பிள்ளைக்குத் தைரியமாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். மலையிலுள்ள பெரக்கரை நாட்டில் ஒரு பாட்டியும் அதையேதான் சொன்னார்: "மலைக்கோழிக்கு என்ன கண்ணு குறை? மண்ணைக் கிளறித் தின்னு வளந்தது."

எனக்குப் பயமே அந்த மண்தான்.

கோழிக்குப் பல் கிடையாது. பொடிக்கற்களை விழுங்கி, அவற்றைக் கொண்டுதான் வயிற்றுக்குள் தானியத்தை அரைக்கிறது. பொங்கலுக்குச் சுவரைச் சுரண்டியபோது உதிர்ந்த பழைய பெயின்ட் சில்லும், பழைய பேட்டரியிலிருந்து சிதறிய ஈயத் துணுக்கும் அதன் கண்ணுக்குக் கற்கள்தான். பாட்டி வீட்டுப் பின்பக்கம் குப்பை கொளுத்திய இடத்தில், பிளந்த டார்ச் செல் இரண்டு கிடந்தன. அந்தச் சாம்பலைத்தான் ஒரு பெட்டைக்கோழி தன் குஞ்சுகளுக்குச் சீய்த்துக் காட்டிக்கொண்டிருந்தது.

வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சு எத்தனையோ கதவு ஜன்னல்களில் இன்னும் இருக்கிறது. ஈயம் மக்குவதில்லை. மழையில் கரைந்து ஒழிவதுமில்லை.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 55 வீடுகளில் வளர்ந்த கோழிகளையும் அவற்றின் முட்டைகளையும் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். கடை முட்டையைவிட வீட்டு முட்டையில் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்தது. அவையும் ஆசையாக வளர்த்த கோழிகள்தான், கொல்லையில் மேய்ந்தவைதான். சிட்னி பெருநகரம், பழைய பெயின்டும் பெட்ரோல் புகையும் படிந்த மண் என்பது உண்மை. மலை மண் அந்த அளவுக்குக் கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் செல்லும் பெயின்டும் மலையேறி எத்தனையோ காலமாகிறது.

உடலுக்குள் போன ஈயம் சுண்ணாம்புச் சத்தின் வழியிலேயே போய் எலும்பில் தங்கும். முட்டை ஓட்டுக்காகப் பெட்டை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும்போது ஈயமும் கிளம்பி மஞ்சள் கருவுக்கு வந்துவிடும். ஈரலிலும் சேரும். நம் வீடுகளில் ஈரலை யாருக்கு எடுத்து வைக்கிறோம்? குழந்தைக்கு. குழந்தை உடம்பில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். மஞ்சள் போட்டுக் கழுவினாலும், எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் போகாது. கோழி துள்ளித் திரிகிறதே என்பதும் சாட்சியாகாது, ஈயம் ஏறிய கோழி வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம்.

பிராய்லருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அமெரிக்காவில் பல்லாண்டுகள் ஆர்சனிக் கலந்த மருந்தையே கறிக்கோழித் தீவனத்தில் சேர்த்தார்கள். 2011இல் கோழி ஈரலில் ஆர்சனிக் தென்பட்ட பிறகுதான் விற்பனை நின்றது. பண்ணையோ கொல்லையோ, கோழி எதைத் தின்றது என்று கேட்டாக வேண்டும். நாட்டுக்கோழி விஷயத்தில் அந்தக் கேள்வியையே நாம் கேட்பதில்லை.

மலைக்குக் கீழே நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பண்ணைத் தீவனத்தைச் சோதிக்க ஆய்வகமும் இருக்கிறது. அதே அக்கறையோடு மலைக் கொல்லைகளின் மண்ணையும் முட்டையையும் சோதித்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். தாய்மார்களே, அதுவரை குப்பை எரித்த இடத்தைச் சுற்றி ஒரு படல் கட்டுங்கள். தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தட்டில் வையுங்கள். தீர்ந்த செல்லைக் கொல்லையில் வீசாதீர்கள்.