குழந்தை என்ன அடகுப் பொருளா?

கையில் ஒரு பொம்மை. சட்டைப் பையில் இரண்டு சாக்லெட். சனிக்கிழமை காலை குடும்பநல கோர்ட்டு வாசலில் தகப்பன் காத்து நிற்கிறார். 10 மணிக்கு வரவேண்டிய மகன் 11 ஆகியும் வரவில்லை. "பிள்ளைக்கு ஜுரம்" என்று சேதி மட்டும் வருகிறது. போன மாதமும் இதே ஜுரம்தான். பொம்மை வீட்டுக்குத் திரும்புகிறது.

இன்னொரு வீட்டில் ஒரு தாய். தேதி 20 ஆகிவிட்டது. கோர்ட்டு சொன்ன ஜீவனாம்சப் பணம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பீஸ் கட்டாத மகளை எழுப்பி நிற்க வைக்கிறார்கள்.

"பணத்தை வைக்கட்டும், பிள்ளையைக் காட்டறேன்" என்கிறார் தாய். "பிள்ளையைக் காட்டட்டும், பணத்தைத் தர்றேன்" என்கிறார் தகப்பன். அடகுக் கடையில் நகையை வைத்து மீட்கிற கணக்குதான்!

சட்டம் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஜீவனாம்சம் வேறு, பிள்ளையைப் பார்க்கும் உரிமை வேறு. பணம் வராவிட்டால் வசூலிக்க மனு போடலாம். வேண்டுமென்றே கொடுக்காதவரை ஜெயிலுக்கு அனுப்பக்கூட வழி உண்டு. பிள்ளையைக் காட்டாவிட்டால், உத்தரவை நிறைவேற்றச் சொல்லி அதே கோர்ட்டில் கேட்கலாம். ஒன்றை ஒன்றுக்குப் பிணையாகப் பிடித்து வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

இந்துக்களுக்கான 1956-ம் ஆண்டு மைனர், காப்பாளர் சட்டம், 5 வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்கிறது. அதை வைத்து "பிள்ளை எனக்குத்தான்" என்பவர்கள் உண்டு. அதே சட்டத்தைக் காட்டி "தகப்பன்தான் கார்டியன்" என்று மார்தட்டுகிறவர்களும் உண்டு. 13-வது பிரிவை மட்டும் இரண்டு பேருமே படிப்பதில்லை. பிள்ளையின் நலனே முதன்மை என்று சொல்வது அந்தப் பிரிவு.

2020-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. பிள்ளை ஒருவரிடம் இருந்தால், மற்றவர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையுடன் பேச உரிமை வேண்டும் என்றது. வெளியூர், வெளிநாட்டில் இருப்பவருக்கு வீடியோ கால் இருக்கிறதே! காசு செலவில்லாத காரியம். ஆனால் நடப்பது என்ன? பிள்ளை பேசும்போது பக்கத்திலேயே பாட்டி நின்றுகொண்டு, "அப்பா அடிச்சதைச் சொல்லு, சொல்லு" என்று தூண்டுகிறார். எதிர்முனையில் அத்தை எல்லாவற்றையும் பதிவு செய்கிறார். 6 வயதுப் பிள்ளை இரண்டு தரப்புக்கும் சாட்சி!

குடித்துவிட்டு அடிக்கிற தகப்பனிடம் பிள்ளையை விட ஒரு தாய் பயந்தால், அது நியாயமான பயம். அதைக் கோர்ட்டில் சொல்லவேண்டும். வேறு ஒருவர் மேற்பார்வையில் மட்டும் பார்க்கும்படி உத்தரவு கேட்கலாம். இல்லாத ஜுரத்தைச் சொல்வது வழி அல்ல. நாளைக்கு நிஜமாகவே ஜுரம் வந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

சந்திக்கும் இடத்தையும் யோசிக்கவேண்டும். போலீசும் கறுப்புக் கோட்டும் நடமாடும் இடத்தில் பிள்ளை தகப்பனிடம் என்ன பேசும்? இரண்டு பேரும் சம்மதித்தால் பூங்காவோ கடற்கரையோ தாத்தா வீடோ போதும். கோர்ட்டும் அதைத் தடுக்கப் போவதில்லை.

பரீட்சை முடிந்து கோடை லீவு வந்தால் அடுத்த சண்டை. பாதி லீவு யாரிடம், ரெயில் டிக்கெட் யார் எடுப்பது என்பதை மார்ச்சிலேயே பேசி முடிப்பது நல்லது. மே மாதம் ஐகோர்ட்டுக்கும் லீவு!