தையல் கைவேலையாம், மென்பொருள் தொழில்நுட்பமாம்!

தையல் தெரிந்த பெண்களிடம் 'உங்களுக்கு என்ன வேலை தெரியும்?' என்று கேட்டுப் பாருங்கள். "பெருசா ஒண்ணும் இல்லைங்க, தையல் மட்டும்தான்" என்பார்கள். ஓர் ஆளை நிமிர்ந்து பார்த்தே அளவைச் சொல்லிவிடக்கூடியவர்கள், மிச்சத் துணியில் குழந்தைக்கு ஒரு கவுன் எடுத்துவிடக்கூடியவர்கள் சொல்லும் பதில் இது. அந்த 'மட்டும்' அவர்களாகக் கண்டுபிடித்த சொல்லா? இல்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. சொல்லிக்கொடுத்தவர்களுக்கு அதில் லாபம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

நான் சில ஆண்டுகளாக முப்பரிமாணக் கதாபாத்திரங்களுக்கு உடை வடிவமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கணினி விளையாட்டிலும் அனிமேஷன் படத்திலும் ஓடுகிற, சண்டை போடுகிற, மழையில் நனைகிற உருவங்கள் எல்லாம் ஏதோ ஓர் உடையைப் போட்டிருக்கின்றன அல்லவா? அந்த உடையை யாரோ கணினிக்குள் வெட்டித் தைத்திருக்கிறார்கள். அந்த வேலைதான் இது. இதற்குள் நுழைந்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: நம் அம்மாக்கள் செய்த வேலை கணினிக்குள் போனவுடன் அதன் பெயர், கூலி, மரியாதை, ஆள் எல்லாமே மாறிவிடுகின்றன. வேலை மட்டும் மாறுவதில்லை.

எப்படி என்று பாருங்கள். இந்தத் துறையில் பலரும் பயன்படுத்தும் மென்பொருள் மார்வெலஸ் டிசைனர். தென்கொரிய நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. அதில் ஒரு பக்கம் உருவம் நிற்கும். மறுபக்கம் வெற்றுத் தளம் இருக்கும். அந்தத் தளத்தில் முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப்பட்டி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைய வேண்டும். எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர வேண்டும் என்று குறிக்க வேண்டும். பிறகு பொத்தானைத் தட்டினால் துண்டுகள் ஒன்றோடொன்று தைத்துக்கொண்டு உருவத்தின் மேல் விழும். பிரவுன் ஷீட்டில் பேட்டர்ன் வெட்டி, துணியில் வைத்து சாக்பீஸால் வரைந்து, முதலில் தோளைச் சேர்த்து, பிறகு கையை ஏற்றி, கடைசியில் பக்கத்தை மூட்டும் நம்மூர் ஜாக்கெட் தையலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

துணியைப் பற்றி அந்த மென்பொருள் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். பாவு வாக்கில் இழுத்தால் எவ்வளவு நீளும்? ஊடை வாக்கில் எவ்வளவு? குறுக்காக இழுத்தால்? மடித்தால் மடிப்பு நிற்குமா, வழுக்கி விழுமா? கனம் என்ன? இந்தக் கேள்விகளுக்கு எண்ணில் பதில் தர வேண்டும். கணினி துணியைப் பல்லாயிரம் புள்ளிகளாலான வலையாகப் பார்க்கிறது. புள்ளிகளுக்கு இடையிலான தூரம் வழக்கமாக 20 மில்லிமீட்டர். அதை 5க்குக் குறைத்தால் சின்னச் சின்னச் சுருக்கமும் தெரியும், கணினிக்கு மூச்சும் முட்டும். இந்தக் கணக்கை ஓரளவு வேகமாகப் போடும் வழியை டேவிட் பராஃப், ஆண்ட்ரூ விட்கின் என்ற இருவர் 1998இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை திறந்துவிட்டது. அவர்களின் கணிதத்துக்கு என் வணக்கம். ஆனால் எந்த எண்ணைக் கொடுத்தால் அது பருத்தி, எதைக் கொடுத்தால் அது ஷிஃபான் என்பதை முடிவு செய்வது துணியைத் தொட்டுப் பழகிய கை. குறுக்கு வாக்கில் வெட்டினால் துணி உடம்போடு வளையும் என்பது கிராஸ் கட் ஜாக்கெட் தைக்கும் எந்த அக்காவுக்கும் தெரியும்.

நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் முதல் வாரமே ஒரு பிரிவினை நடந்தது. "பெண்கள் கலரும் டிசைனும் பாருங்க. சிமுலேஷன் எல்லாம் ஃபிசிக்ஸ் சமாச்சாரம், பசங்க பார்த்துப்பாங்க" என்றார் பயிற்றுநர். அந்தப் 'பசங்க'ளில் ஒருவர்கூட அதற்கு முன் ஒரு பட்டன் தைத்தவர் இல்லை. கைக்குழியில் துணி ஏன் பிதுங்குகிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் அரை நாள் எண்களை மாற்றிப் பார்த்தார்கள். தையல் தெரிந்த ஒரு தோழி எழுந்துபோய் கையின் வளைவைச் சற்று இறக்கி வரைந்தாள். சரியாகிவிட்டது. அன்று மதிப்பெண் பட்டியலில் 'தொழில்நுட்பத் திறன்' என்ற கட்டத்தில் யாருக்கு அதிக மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு பயிற்றுநரின் குணக்கோளாறு என்று இதைத் தள்ளிவிட முடியுமா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அப்போது அது எழுத்தர் வேலை மாதிரி பார்க்கப்பட்டது. நிரல் எழுதுவதில் பணமும் பெருமையும் இருக்கிறது என்று தெரிந்ததும் அது ஆண்களின் வேலையானது. நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் கணினி நினைவகத்தை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் பெண்கள் கையால் பின்னினார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். ஓர் இழை தவறினால் நிரல் தவறும். அந்த நினைவகத்துக்குப் பொறியாளர்கள் வைத்த செல்லப்பெயர் 'கிழவி நினைவகம்'. ஃபேர்சைல்ட் என்ற சிப் நிறுவனம் 1965இல் நியூ மெக்சிகோவில் நவஹோ பழங்குடிகளின் நிலத்தில் ஆலை திறந்து, பெரும்பாலும் பெண்களை வேலைக்கு எடுத்தது. அவர்கள் நெய்யும் கம்பளத்தின் கோலத்தையும் சிப்பின் கோலத்தையும் ஒப்பிட்டுக் கையேடு போட்டுப் புகழ்ந்தது.

இந்தப் புகழ்ச்சியை நாம் நன்றாக அறிவோம். 'பெண்களுக்குப் பொறுமை ஜாஸ்தி', 'நுணுக்கமான விரல்கள்' என்பார்கள். விரலைப் புகழ்வதே மூளைக்குக் கூலி கொடுக்காமல் இருக்கத்தான். பொறுமை பிறவிக்குணம் என்று சொல்லிவிட்டால், அது பல ஆண்டுப் பயிற்சியில் வந்த திறன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை அல்லவா?

நம் வீடுகளுக்கே வருவோம். கணவரை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் தருகிறது. 2011இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியது. இரண்டும் நல்ல திட்டங்கள். ஒரே வீட்டில் இரண்டு இயந்திரங்களும் இருந்திருக்கின்றன. ஒன்று பிழைப்புக்கு, மற்றொன்று எதிர்காலத்துக்கு. அம்மாவின் இயந்திரத்தில் இருக்கும் அறிவு மகளின் இயந்திரத்துக்குள்ளும் செல்லுபடியாகும் என்று அந்த வீட்டில் யாராவது சொன்னார்களா?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மென்பொருளில் சேலை கட்டுவது பெரிய சிக்கல். அதன் உலகமே வெட்டித் தைத்த உடைகளின் உலகம். வெட்டாத, தைக்காத ஐந்தரை மீட்டர் துணி வெறும் சுற்றிலும் செருகலிலும் நிற்கும் என்பதை எண்ணிப் பார்த்து அதை யாரும் உருவாக்கவில்லை. கொசுவ மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். அதனால் பலர் கொசுவத்தைச் சிலை மாதிரிச் செதுக்கிப் பாவாடையில் ஒட்டிவிடுகிறார்கள். உருவம் நடந்தால் அது தகரம் மாதிரி விறைத்து நிற்கும். திரையைப் பார்த்த அம்மா சொன்னார்: "முந்தானையை முதல்ல தோள்ல போட்டு நிறுத்துடி. அப்புறம் மிச்சத் துணிக்குக் கொசுவம் வை." அந்த வரிசையில் கட்டினேன். இடுப்புச் சுற்றை முதலில் நிறுத்தி, முந்தானையைத் தோளில் பொருத்தி, கடைசியாகக் கொசுவத்தை விட்டதும் துணி தன் கனத்தில் தானே விழுந்தது. இந்த அறிவை எந்தச் சான்றிதழில் எழுதுவது?

அடுத்து, யாருடைய உடம்புக்குத் தைக்கிறோம் என்ற கேள்வி. மென்பொருளைத் திறந்ததும் நம் முன் நிற்கும் பெண் நீண்ட கால்களும் ஒடுங்கிய இடுப்பும் கொண்ட மாடல். அவளுக்குப் பிரசவம் ஆனதில்லை, வயதானதில்லை. விளையாட்டுகளில் ஆண் வீரனுக்குக் கழுத்து முதல் கால்வரை கவசம், பெண் வீரருக்கு இரும்பில் உள்ளாடை. டெட் ஆர் அலைவ் என்ற சண்டை விளையாட்டு 1996இலேயே பெண்களின் மார்பு குலுங்குவதற்குத் தனிக் கணக்குப் போட்டது. 2014இல் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டியில் விளையாடுபவர்கள் தேர்ந்தெடுக்கப் பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று கேட்டபோது, அசைவு, குரல், காட்சிப் பொருள்கள் எல்லாம் இரண்டு மடங்காகும் என்று யுபிசாஃப்ட் தரப்பில் பதில் வந்தது. குலுக்குவதற்குக் கணக்குப் போட நேரம் இருக்கும் துறைக்கு, நடக்கவைக்க நேரம் இல்லையாம்!

பாக்கெட் கதை இன்னும் வேடிக்கை. நிஜத் துணியில் பெண்களுக்குப் பாக்கெட் வைக்காததற்குத் துணிச் செலவு, தையல் கூலி என்று காரணம் சொல்வார்கள். கணினியில் துணி இலவசம். ஆனாலும் நான் பயிற்சிக்காகப் பிரித்துப் பார்த்த பெண் உடை மாதிரிகளில் பாக்கெட் அபூர்வம். செலவு ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை என்பது அங்கே அம்பலமாகிறது.

'நிஜப் பெண்கள் கூலிக்குப் போராடும்போது பொம்மைக்கு உடை தைப்பது ஒரு பிரச்சினையா?' என்று கேட்கும் தோழிகள் உண்டு. நியாயமான கேள்வி. திருப்பூரைப் பாருங்கள். வெளிநாட்டு வாங்குநருக்கு ஒரு சட்டையின் மாதிரியைத் தைத்து அனுப்பி, அவர் திருத்தம் சொல்ல, மறுபடி தைத்து அனுப்புவது வழக்கம். இப்போது அந்த மாதிரியை முப்பரிமாணத்தில் செய்து திரையிலேயே காட்ட முடிகிறது. மாதிரி தைக்கும் சுற்றுகள் குறையும். குறைந்தால் முதலில் வேலை போவது யாருக்கு? மாதிரித் தையல் பிரிவில் இருக்கும் பெண்களுக்கு. கணினி முன் வரும் புதிய நாற்காலி யாருக்கு? தையலே தெரியாத பட்டதாரிக்கா, இருபது ஆண்டு அனுபவமுள்ள அந்த அக்காவுக்கா? இது பொம்மை விவகாரம் அல்ல, சோற்று விவகாரம்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது, கணினி தெரியாது என்பார்கள். கணினியைச் சில மாதங்களில் கற்றுத்தரலாம். துணியைச் சில மாதங்களில் கற்றுத்தர முடியாது. பிளெண்டர் என்ற மென்பொருள் 2002 முதல் எல்லோருக்கும் திறந்த இலவசப் பொருள். துணிக் கணக்கும் தைக்கும் வசதியும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பாவு, ஊடை, டாட், கொசுவம் என்று நம் சொற்களிலேயே பாடம் எழுதலாம். தையல் பயிற்சி நிலையங்களில் இரண்டு கணினிகள் போட்டால் தொடங்கிவிடலாம். ஆடை ஆலைகள் முப்பரிமாணப் பிரிவு தொடங்கும்போது, தங்கள் தையல் பெண்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடுத்து முதல் உரிமை அவர்களுக்கே தர வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும். இயந்திரம் வந்து இறங்கிய பிறகு கேட்டால் கொடி பிடிக்க மட்டும்தான் முடியும்.

படிக்கும் தோழிகளுக்கு ஒன்று. பிக்சார் தன் படங்களில் இந்த வேலையை 'டெய்லரிங்' என்றே அழைக்கிறது. அங்கே தையல்காரர் என்பது திரையில் பெயரோடு ஓடும் பதவி. உங்கள் விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற வரியில் தையலை எழுதாதீர்கள். தொழில்நுட்பத் திறன் என்ற தலைப்பின் கீழே, முதல் வரியில் எழுதுங்கள். நேர்காணலில் சிரித்தால், ஒரு கையை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.