நாய் உண்ணி மருந்துக்கும் தமிழ் லேபிள் வேண்டும்

நாய்க்கு உண்ணி பிடித்துவிட்டால் பலரும் நேராகப் போவது மருந்துக்கடைக்குத்தான். பிடரியில் விடும் சொட்டு மருந்து, தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் மருந்து, கழுத்துப்பட்டை, பவுடர் என்று கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும் ரசாயனங்கள். சரியான விலங்குக்குச் சரியான அளவில் கொடுத்தால் உயிரைக் காக்கும்; அளவோ விலங்கோ மாறினால் உயிரைப் பறிக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பது டப்பாவின் மேல் இருக்கும் லேபிள் மட்டுமே. அதில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும் எச்சரிக்கை, அதைப் படிக்க முடியாதவருக்கு இல்லாததற்குச் சமம். உண்ணி மருந்துகளின் லேபிளில் தமிழும், தெளிவான எடைக்கணக்கும், எந்த விலங்குக்கு ஆகாது என்ற படமும் சட்டப்படி கட்டாயமாக வேண்டும்.

லேபிளால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் அமெரிக்க அனுபவத்தைப் பார்க்கலாம். அங்கே 2008ஆம் ஆண்டில் மட்டும் தெள்ளு, உண்ணி மருந்துகளால் செல்லப்பிராணிகளுக்குப் பாதிப்பு என்று 44,000க்கும் மேற்பட்ட புகார்கள் பதிவாயின. பெரும்பாலானவை தோல் அரிப்பு, வாந்தி போன்ற சிறு தொல்லைகள். ஆனால் வலிப்பும் மரணமும் அவற்றில் இருந்தன. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்தப் புகார்களை ஆராய்ந்து 2010 மார்ச்சில் முடிவுகளை வெளியிட்டது. சில மருந்துகளில் சிறிய நாய்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போட்டதால் நேர்ந்த விபரீதங்களும் தெரியவந்தன. மருந்துகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் வழிக்கு முகமை போகவில்லை. எடைப் பிரிவுகளைக் குறுக்கி அளவைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும், நாய் மருந்தும் பூனை மருந்தும் பார்த்ததும் வேறுபட்டுத் தெரிய வேண்டும், இரண்டுக்கும் ஒத்த பெயர் வைக்கக் கூடாது என்று அறிவித்தது. பின்னர் 2018இல், ஐசாக்சசோலின் வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதை லேபிளில் சேர்க்கும்படி உணவு, மருந்து நிர்வாகம் நிறுவனங்களிடம் கேட்டது. பயனுள்ள மருந்துகள் என்று சொல்லிக்கொண்டே கேட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எடையும் விலங்கும் ஏன் இவ்வளவு முக்கியம்? நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் 45 சதவீதம் வரையோ அதற்கு மேலோ இருக்கிறது. நாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நான்கரை கிலோ பூனையின் மேல் அந்த மருந்து ஒரு மில்லி பட்டாலே உயிருக்கு ஆபத்து. எடை விஷயம் இன்னும் நுட்பமானது. ஃபிப்ரோனில் சொட்டு மருந்தில் 10 கிலோ வரையுள்ள நாய்க்கு 0.67 மில்லி என்று ஒரே குப்பி. இரண்டு கிலோ குட்டிக்கும் 10 கிலோ நாய்க்கும் அதே அளவு என்றால், குட்டியின் உடலில் ஒரு கிலோவுக்குச் சேரும் மருந்து ஐந்து மடங்கு. ஃபிப்ரோனிலுக்கு அந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கும் இடைவெளி உண்டு. எல்லா ரசாயனத்துக்கும் அப்படி இல்லை. பெரிய நாய்க்கான குப்பியை வாங்கி, மலிவாக முடியும் என்று இரண்டு குட்டிகளுக்குப் பங்கு போடுபவருக்கு இதை யார் சொல்வது? குளிப்பாட்டும் அமிட்ராஸ் மருந்தோ 12.5 சதவீதக் கரைசலாக வருகிறது; ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில மில்லிதான் கலக்க வேண்டும். கண்ணளவில் ஊற்றினால் நாய் மயங்கிச் சரியும். குழந்தை குடித்துவிட்டால் அதற்கென்று தனி முறிமருந்து கிடையாது.

நம் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லிக்கு 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் பொருந்தும். விஷத்தின் கடுமையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறங்களால் காட்ட வேண்டும். இந்தி, ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் விவரம் தர வேண்டும். டெல்டாமெத்ரினும் சைபர்மெத்ரினும் பருத்திச் செடிக்குப் போகும்போது இந்த விதி பேசுகிறது. அவையே நாய், மாட்டின் உடலுக்கான கால்நடை மருந்தாகக் கடைக்கு வரும்போது 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளுக்குள் போய்விடுகின்றன. அங்கே விலங்குக்கு மட்டுமே என்ற வாசகமும் ஒரு விலங்குத் தலையின் படமும் போதும்; தமிழ் கட்டாயமில்லை. அந்தப் படம் மனிதன் சாப்பிடக் கூடாது என்று சொல்லும். பூனைக்குப் போடக் கூடாது என்று சொல்லாது.

லேபிளை யாரும் படிப்பதில்லை, தவறு வளர்ப்பவருடையது என்பார்கள். படிக்க முடியாத மொழியில் எழுதிவிட்டுப் படிக்கவில்லை என்று குறை சொல்வது நியாயமா? படிக்கத் தெரியாதவருக்கும் குறுக்குக் கோடிட்ட பூனைப் படம் புரியும். குப்பி சிறியது, இடமில்லை என்று நிறுவனங்கள் சொல்லலாம். அட்டைப்பெட்டியும் உள்ளே மடித்து வைக்கும் தாளும் இருக்கின்றனவே. இவற்றைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு. எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து மக்கள் மருந்தையே தவிர்த்தால், உண்ணி பரப்பும் எர்லிகியா, பபீசியா நோய்களில் நாய்கள் சாகும் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். அந்த அச்சம் உண்மையானது. நம் வெப்பத்தில் பழுப்பு நாய் உண்ணி ஆண்டு முழுவதும் பெருகுகிறது. ஆனால் பயமுறுத்தும் பொதுவான வாசகங்களை யாரும் கேட்கவில்லை. இத்தனை கிலோவுக்கு இத்தனை மில்லி, இந்த வயதுக்குக் கீழ் வேண்டாம், நடுக்கமோ தள்ளாட்டமோ வந்தால் சோப்புப் போட்டுக் கழுவி உடனே மருத்துவரிடம் போ, பாதிப்பைச் சொல்ல இந்த எண் என்று எழுதினால் பயம் கூடாது, குறையும்.

மருந்து விதிகளில் திருத்தம் செய்யும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. புதிய ஆய்வோ புதிய ஆணையமோ இதற்குத் தேவையில்லை. பூச்சிக்கொல்லிக்கு ஏற்கெனவே இருக்கும் மொழி விதியை, உடலில் பூசும் கால்நடை மருந்துகளுக்கும் நீட்டினால் போதும். தமிழக அரசும் கால்நடை மருத்துவர் சங்கங்களும் இதை எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். அதுவரை, உண்ணி மருந்து வாங்குபவர்கள் நாயின் எடையை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வீட்டில் பூனையும் இருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் குப்பியைத் திறக்காதீர்கள்.