மனிதனுக்கு 1 ரிங்கிட், பூனைக்கு ஆயிரமா? கால்நடை மருத்துவக் கட்டணத்தை நம்பலாமா?

கிளினிக் கவுன்டரில் பில்லைப் பார்த்ததும், "பூனைக்கா ஆயிரம் வெள்ளி?" என்று வாய்விட்டுக் கேட்டவரா நீங்கள்? பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் பூனை வளர்ப்பவருக்கும் கிள்ளான் தாமானில் காவலுக்கு நாய் வைத்திருப்பவருக்கும் இது பழகிய அதிர்ச்சிதான். அதற்கு அடுத்த கேள்விதான் சிக்கலானது: "டாக்டர் நம்மள ஏமாத்துறாரோ?"

அந்தச் சந்தேகத்துக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் பிராணிதான். "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று தள்ளிப் போடுகிறோம். சிலர் வீட்டில் இருக்கும் பனடோலைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பூனையின் கல்லீரலால் பாராசிட்டமோலை நம் உடல்போலக் கையாள முடியாது. ஒரே ஒரு மாத்திரை கூட அதன் உயிரைப் பறிக்கலாம்.

நாம் எதோடு ஒப்பிடுகிறோம்?

அரசாங்க கிளினிக்கில் மலேசியர் ஒருவர் கட்டுவது 1 ரிங்கிட். நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். டாக்டர் சம்பளம், மருந்து, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என மீதிச் செலவை அரசாங்கம் ஏற்கிறது. தனியார் மருத்துவமனைக்குப் போனாலும், பலருக்கு நிறுவனத்தின் மெடிக்கல் கார்டோ காப்புறுதியோ கைகொடுக்கிறது.

ஆக, முழு மருத்துவச் செலவு எவ்வளவு என்பதை நம்மில் பலர் கண்ணால் பார்த்ததே இல்லை. முதன்முதலாகப் பார்ப்பது பூனையின் பில்லில்தான்.

அந்தப் பில்லில் என்ன இருக்கிறது?

ஆண் பூனைகளுக்கு அடிக்கடி வரும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள்: சிறுநீர் அடைப்பு. மணலில் போய்ப் போய் உட்காரும், ஒரு சொட்டும் வராது. கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மயக்க மருந்து கொடுத்து, குழாய் செருகி, அடைப்பை நீக்க வேண்டும். சிறுநீரகம் தாங்குகிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். டிரிப்ஸ் ஏற்றி, சில நாள் வார்டில் வைத்திருக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் பில்லில் ஒரு வரி.

நாய்க்குட்டிக்கு பார்வோ வந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். வைரஸைக் கொல்ல எளிதான ஒரு மாத்திரை கிடையாது. மற்ற நாய்களிடமிருந்து பிரித்துவைத்து, நாள் கணக்கில் டிரிப்ஸும் மருந்தும் கொடுத்துத் தேற்ற வேண்டும்.

எங்கே வலிக்கிறது என்று பிராணி சொல்லாது. மனிதரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதை இங்கே பரிசோதனைகள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்தகம், ஆய்வுக்கூடம், அறுவைச் சிகிச்சை அறை, வார்டு எல்லாம் ஒரு கடைவீட்டுக்குள் அடங்கியிருந்தாலும், செலவு என்னவோ குட்டி மருத்துவமனைக்கு உரியதுதான்.

கட்டணத்துக்கு வரம்பு உண்டா?

இங்கேதான் ஓர் இடைவெளி இருக்கிறது. 1974ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர் சட்டப்படி, மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர்கள் மட்டுமே இந்தத் தொழிலைச் செய்யலாம். யார் வைத்தியம் பார்க்கலாம் என்பதை இந்தச் சட்டம் சொல்கிறது. எவ்வளவு வாங்கலாம் என்பதைச் சொல்லவில்லை.

மனிதர்களுக்கான தனியார் மருத்துவத்தில் நிலைமை வேறு. 1998ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் வந்த விதிமுறைகளில் டாக்டர் கட்டணத்துக்கு அட்டவணையே இருக்கிறது.

"சங்கம் சேர்ந்து ஒரே விலை வைக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை நிர்ணயிப்பதை 2010ஆம் ஆண்டு போட்டித்தன்மைச் சட்டம் தடுக்கிறது. கேமரன் மலைப் பூ விவசாயிகள் சங்கம் சேர்ந்து விலையை ஏற்றியபோது, 2012இல் மலேசியப் போட்டித்தன்மை ஆணையம் அதைச் சட்டமீறல் என்று தீர்மானித்தது. எனவே, கிள்ளானில் ஒரு விலை, பங்சாரில் வேறு விலை என்பதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது.

தகராறு வந்தால் எங்கே போவது?

பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பயனீட்டாளர் தீர்ப்பாயம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். ஆனால், வேறொரு சட்டத்தால் நெறிப்படுத்தப்படும் தொழில் நிபுணர்களின் சேவை 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று அதன் 2ஆவது பிரிவு சொல்கிறது. கைப்பேசி கடைக்காரர் மீது புகார் கொடுப்பதுபோல் இங்கே கொடுக்க முடியாது.

டாக்டரின் நடத்தையில் தவறு இருந்தால் கால்நடை மருத்துவ மன்றத்திடம் புகார் செய்யலாம். பணத்தைத் திரும்பக் கேட்பது என்றால் நீதிமன்றம்தான் வழி. பில் வந்த பிறகு உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் குறைவு. பேச வேண்டிய நேரம் சிகிச்சைக்கு முன்புதான்.

பிரிட்டன் என்ன செய்கிறது?

இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் இல்லை. பிரிட்டனின் போட்டி, சந்தை ஆணையம் 2023இல் இதை ஆராயத் தொடங்கியபோது சுமார் 56,000 பேர் கருத்து அனுப்பினார்கள். 2016 முதல் 2023 வரை அங்கே கால்நடை மருத்துவக் கட்டணம் சராசரியாக 63 விழுக்காடு ஏறியிருந்தது. 2013இல் 10 விழுக்காடு கிளினிக்குகள்தான் பெரிய குழுமங்களின் கையில் இருந்தன. இப்போது அது ஏறக்குறைய 60 விழுக்காடு.

2025 அக்டோபரில் வந்த இடைக்கால முடிவில் ஆணையம் முன்வைத்த யோசனைகள் எளிமையானவை. விலைப் பட்டியலை வெளியிட வேண்டும். கிளினிக் எந்தக் குழுமத்துக்குச் சொந்தம் என்று சொல்ல வேண்டும். 500 பவுண்டைத் தாண்டக்கூடிய சிகிச்சைக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். எல்லாச் சிகிச்சையையும் மலிவாக்கு என்பதைவிட, முதலில் சொல்லிவிட்டுச் செய் என்பதற்கே அங்கே அழுத்தம் அதிகம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அந்தச் சட்டம் இங்கே வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நீங்களே கேட்கலாம்.

• "மொத்தம் எவ்வளவு ஆகும்? அதிகபட்சம் எவ்வளவு?" எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கிடைத்தாலும் சரி.

• "இந்தப் பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றுமா?" மாற்றாது என்றால், இப்போதைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பேசலாம்.

• "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது." இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பட்ஜெட் தெரிந்தால்தான் அதற்குள் எது முக்கியம் என்று டாக்டரால் சொல்ல முடியும்.

• பரிசோதனை முடிவுகளின் நகலை வாங்கி வையுங்கள். இன்னொரு டாக்டரிடம் போனால் மறுபடியும் முதலிலிருந்து செலவு செய்ய வேண்டியிருக்காது.

• பதிவு பெற்ற மருத்துவர்தானா என்று பாருங்கள். பிராணிக் கடையில் மலிவாகப் போடும் ஊசிக்கு யார் பொறுப்பு?

• தடுப்பூசியையும் கருத்தடையையும் தள்ளிப் போடாதீர்கள். பார்வோவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. கருத்தடைச் செலவுக்கு அம்பாங்கில் உள்ள சிலாங்கூர் எஸ்பிசிஏ போன்ற அமைப்புகளிடம் விசாரியுங்கள். சிக்கலான நோய் என்றால் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அது இலவசம் இல்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்கும் கடமையை வளர்ப்பவர் மீது வைத்திருக்கிறது. பிராணியைக் கொடுமைப்படுத்தியது நிரூபணமானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "காசு இல்லை" என்று சாலையோரத்தில் விட்டுவிட்டு வருவது தீர்வாகாது.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் மாதத்திலேயே, அதன் பெயரில் மாதாமாதம் ஒரு சிறு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். பக்கத்து கிளினிக் ஒன்றுக்குத் தடுப்பூசிக்காகப் போய் டாக்டரிடம் பேசிப் பாருங்கள். கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்று அவசரம் இல்லாத நாளில்தான் நிதானமாகக் கவனிக்க முடியும். நள்ளிரவில் பூனை துடிக்கும்போது புதிதாக ஒருவரை நம்புவது கஷ்டம்.